பாட்டியைக் கேட்காத ஊர்

கோட்டி மகளிர் கல்லூரிப் பக்கம் விருந்தாளிகளை அழைத்துப்போனால் ஹைதராபாத்காரர்களான நாம் சொல்லும் கதை ஒன்றுதான். ஒரு வெள்ளைக்கார ரெசிடெண்ட், பெரிய இடத்துப் பெண் ஒருத்தி, தடையை மீறிய காதல், அவளுக்காக எழுந்த மாளிகை. ஐந்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். விருந்தாளி அந்த உயரமான தூண்களைப் படம் எடுத்துக்கொள்வார். நாம் சாலையைக் கடந்து சுல்தான் பஜாரில் வளையலோ புடவையோ விலை கேட்கப் போய்விடுவோம். அந்தப் பெண்ணின் அம்மா யார், அவள் எந்த வீட்டில் வளர்ந்தாள், அவள் போனபின் அந்த வீட்டில் யார் மிஞ்சினார்கள் என்று விருந்தாளி கேட்பதில்லை. கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

இங்கே ‘நாம்’ என்று எழுதும்போது முதலில் நினைப்பது செகந்திராபாத், மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் என்று மூன்று நான்கு தலைமுறையாக வேர்விட்ட தமிழர்களைத்தான். நம் வீட்டுப் பெண்கள் பலர் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள். தர்பார் கூடத்தின் படிகளில் உட்கார்ந்து மதியச் சோற்றைப் பிரித்தவர்கள். நிஜாம் காலத்துக் கதை என்றால் அது பழைய நகரத்துக்காரர்கள் பாடு என்று நாம் ஒதுங்கிக்கொண்டோம். பழைய நகரத்துக்காரர்கள் அதை ரெசிடென்சிக் கதை என்று ஒதுக்கினார்கள். இரண்டு ஒதுக்கலுக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் பெண்கள் காணாமல் போனார்கள்.

அந்தப் பெண் கைருன்னிசா பேகம். தந்தை மெஹ்தி யார் கான் மகள்கள் சிறியவர்களாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தாய் ஷரஃபுன்னிசா. இளம் வயதில் கணவனை இழந்த அவர் தன் தந்தை பாகர் அலி கான் வீட்டுக்கே திரும்பி வந்து அங்கே பெண்களை வளர்த்தார். பாகர் அலி கான் நிஜாமின் செலவில் நிறுத்தப்பட்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குப் பக்‌ஷியாக, அதாவது சம்பளப் பட்டுவாடா பார்க்கும் அதிகாரியாக இருந்தவர். அவர் மனைவி துர்தானா பேகம். இரானின் ஷுஷ்தர் நகரத்திலிருந்து வந்து நிஜாம் அரசில் உயர்ந்த சையது குலம். பின்னாளில் திவானான மீர் ஆலம் அந்தச் சுற்றத்தைச் சேர்ந்தவர். குலத்தின் இன்னொரு உறவினர் அப்துல் லத்தீஃப் ஷுஷ்தரி ‘துஹ்ஃபத்துல் ஆலம்’ என்று பாரசீகத்தில் ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதில் ஷுஷ்தர் இருக்கிறது, இந்தியா இருக்கிறது, அறிவிலும் பக்தியிலும் பேர்பெற்ற குலத்து ஆண்கள் வரிசையாக வருகிறார்கள். வீட்டுப் பெண்களைத் தேட வேறு இடத்துக்குத்தான் போக வேண்டும்.

அந்த வேறு இடம் நம் சென்னையில் இருந்தது என்பது ஹைதராபாத் தமிழரிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜேம்ஸ் அக்கிலஸ் கிர்க்பாட்ரிக் 1764-இல் சென்னையில் பிறந்தவர். 1798 முதல் ஹைதராபாதில் கம்பெனியின் ரெசிடெண்ட், அதாவது நிஜாம் அவையில் அதன் பிரதிநிதி. அவருக்கும் கைருன்னிசாவுக்கும் உறவு என்ற செய்தி கல்கத்தாவை எட்டியதும் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்குப் பொறுக்கவில்லை. ரகசிய விசாரணைக்கு உத்தரவு போனது. 1801 நவம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ், ஹைதராபாத் படையிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகளை அரசினர் மாளிகைக்கு வரவழைத்து விசாரித்தார். அந்தப் பெண் யார், எந்தக் குடும்பம், பாட்டனார் சம்மதித்தாரா, தாய்க்கு இதில் பங்கு உண்டா, ரெசிடெண்ட் உண்மையிலேயே மதம் மாறினாரா என்று கேள்விகள் போயின. ஒரு ஹைதராபாத் அந்தப்புரத்தின் உறவுமுறைகளை நாம் இன்று இவ்வளவு விவரமாக அறிவதற்கு ஒரு காரணம், ஓர் ஏகாதிபத்தியம் சந்தேகப்பட்டது.

அந்த அரசினர் மாளிகையை நாம்தான் இடித்தோம். அண்ணாசாலை ஓமந்தூரார் வளாகத்தில் புதிய சட்டமன்றம் கட்டுவதற்காக 2008-இல் இடித்தோம். பிறகு சட்டமன்றம் அங்கே நிலைக்காமல் மருத்துவமனை வந்தது. பக்கத்து ராஜாஜி மண்டபம் தப்பித்தது. அங்கே தலைவர்களின் உடலைப் பார்வைக்கு வைத்த நினைவு நமக்கு இருக்கிறது. இடிந்த மாளிகையில் ஒரு பெண்ணின் வாழ்க்கையை அவள் இல்லாமலே விசாரித்தார்கள் என்ற நினைவு யாருக்கும் இல்லை. மருத்துவமனை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இடிக்கும் முன் அந்தச் சுவர்களுக்குள் என்னென்ன நடந்தது என்று ஒரு பட்டியலாவது போட்டிருக்கலாம்.

கிர்க்பாட்ரிக் பதவி தப்பினார். இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள். 1801-இல் மகன் சாஹிப் ஆலம், 1802-இல் மகள் சாஹிப் பேகம். 1805-இல் படிப்புக்காக இருவரையும் இங்கிலாந்துக்கு அனுப்ப முடிவானது. கப்பல் ஏறியது சென்னையில். ஏறும் முன் ஜார்ஜ் சின்னரி என்ற ஓவியர் ஹைதராபாத் அரசவை உடுப்பில் இருவரையும் நிற்கவைத்து வரைந்தார். தாய் ஹைதராபாதிலேயே இருந்தார். சில வாரங்களில், அக்டோபர் 15 அன்று, கல்கத்தாவில் கிர்க்பாட்ரிக் இறந்துபோனார். அடுத்த மார்ச்சில் லண்டன் மேரிலபோன் தேவாலயத்தில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. மகன் வில்லியம் ஜார்ஜ் ஆனான், மகள் கேத்தரின் அரோரா ஆனாள். சாஹிப் ஆலமும் சாஹிப் பேகமும் அதற்குப் பிறகு அந்தப் பெயரில் வளரவில்லை.

கைருன்னிசாவுக்கு நடந்ததை நாம் காதல் கதையில் சேர்ப்பதே கிடையாது. கணவரின் கல்லறையைப் பார்க்கத் தாயோடு கல்கத்தா போனார். அங்கே கணவரின் உதவியாளராக இருந்த ஹென்றி ரஸ்ஸலோடு நெருக்கம் ஏற்பட்டது. ஊர் திரும்ப மீர் ஆலம் அனுமதிக்கவில்லை. மசூலிப்பட்டினத்தில் தாயும் மகளும் தங்க நேர்ந்தது. வந்துவிடுவேன் என்று எழுதிக்கொண்டிருந்த ரஸ்ஸல் 1808-இல் சென்னையில் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். மீர் ஆலம் இறந்த பிறகுதான் கைருன்னிசா ஹைதராபாதுக்குத் திரும்ப முடிந்தது. 1813 செப்டம்பரில் இறந்தார். வயது 27. அப்போது கோட்டி மாளிகையில் ரெசிடெண்டாக உட்கார்ந்திருந்தவர் அதே ரஸ்ஸல்.

அவரைத் துரத்திய மீர் ஆலமின் பெயரில் ஊரில் ஏரி இருக்கிறது, மண்டி இருக்கிறது. மிருகக்காட்சிசாலைக்குப் போகும் குழந்தைக்கும் அந்த ஏரியின் பெயர் தெரியும். ஹயாத் பக்‌ஷி பேகம் பெயரில் ஒரு ஹயாத்நகர் இருப்பது உண்மைதான். ஆனால் அவர் சுல்தானின் மகள், சுல்தானின் மனைவி, சுல்தானின் தாய். பெண் பெயர் தெருவில் ஏற அவ்வளவு தகுதி தேவைப்பட்டிருக்கிறது. கைருன்னிசாவுக்கு ஒரு சந்துகூட இல்லை.

இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவர் கைருன்னிசாகூட இல்லை. அவர் அம்மா. ஷரஃபுன்னிசா தன் மகளுக்குப் பிறகு 34 ஆண்டுகள் உயிரோடிருந்தார். 1847 ஜூலையில்தான் இறந்தார். அத்தனை ஆண்டுகளும் இந்த ஊரிலேயே இருந்தார். சொத்தும் ஜாகீரும் கையைவிட்டுப் போய் வறுமையில் இருந்தார். மாப்பிள்ளையை அறிந்தவர், திருமணத்தின் உள்விவகாரம் முழுதும் அறிந்தவர், கல்கத்தாப் பயணத்தில் கூடப் போனவர், மசூலிப்பட்டினத்தில் மகளோடு காத்திருந்தவர், பேரக்குழந்தைகளைக் கப்பலுக்கு அனுப்பியவர். ஒரு குடும்ப வரலாறு எழுதுபவனுக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது. ஊரில் யாரும் போய்க் கேட்கவில்லை. அந்த 34 ஆண்டுகளில் ஹைதராபாதில் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. முன்ஷிகள் இருந்தார்கள், கவிஞர்கள் இருந்தார்கள், அரசு வரலாற்றை எழுதிய பாரசீகப் பண்டிதர்கள் இருந்தார்கள். அந்த வரலாறுகளில் ‘ஹஷ்மத் ஜங்’ என்ற பட்டத்தோடு கிர்க்பாட்ரிக் வருகிறார்.

கேட்டது பேத்திதான், அதுவும் இங்கிலாந்திலிருந்து. சாஹிப் பேகம் அங்கே கிட்டி கிர்க்பாட்ரிக்காக வளர்ந்தார். தாமஸ் கார்லைல் என்ற எழுத்தாளர் இளமையில் அவரிடம் மனம் பறிகொடுத்தார் என்றும் அவர் நூலில் வரும் புளுமைன் கிட்டியின் சாயல் என்றும் சொல்வார்கள். 1829-இல் ஒரு ராணுவ அதிகாரியை மணந்துகொண்டு பின்னாளில் டார்க்கியில் வாழ்ந்தார். அம்மாவீட்டோடு கடிதத் தொடர்பு வைக்கச் சிறு வயதில் அவரை விடவில்லை. 1841-இல், கிட்டத்தட்ட 40 வயதில், ஹைதராபாதில் பாட்டி உயிரோடிருக்கிறார் என்று அறிந்து எழுதினார். அதிலிருந்து ஆறு ஆண்டுகள் போக்குவரத்து நடந்தது. பாட்டி சொல்லச் சொல்லப் பாரசீகத்தில் எழுதுவார்கள். பொன்தூள் தெளித்த தாள், சரிகைப் பை. வறுமையிலும் அந்த மரியாதைக்குக் குறைவில்லை. பேத்திக்குப் பாரசீகம் தெரியாது. ரெசிடென்சியின் உதவி அதிகாரி டங்கன் மால்கம் இடையில் நின்று மொழிபெயர்த்தார். பேத்தி அம்மாவின் கூந்தலில் ஒரு பிரி கேட்டார். பாட்டி அனுப்பிவைத்தார். மகள் இறந்து ஏறத்தாழ 30 ஆண்டு அதை எடுத்துவைத்திருந்திருக்கிறார்.

பேத்தி அம்மாவைப் பற்றிக் கேட்டதும் பாட்டி பேரன் பேத்திகளைப் பற்றிக் கேட்டதும் அந்தக் கடிதங்களில் இருக்கிறது. இரண்டு பெண்கள், நடுவில் இரண்டு கடல், தெரியாத மொழி. குடும்பத்தின் கதையை ஒட்டவைக்க அவர்கள் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்கு, கோட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஊர் படவில்லை.

பிறகு எழுதியவர்களைப் பாருங்கள். 1893-இல் சர் எட்வர்ட் ஸ்ட்ரேச்சி, கிட்டியின் உறவுக்குடும்பத்தைச் சேர்ந்தவர், பிளாக்வுட்ஸ் இதழில் இந்தத் திருமணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஹைதராபாதின் ஜுபைதா யஸ்தானி 1976-இல் ரஸ்ஸலின் காலத்தைப் பற்றிய நூலை வெளியிட்டார். அவர் தேடியது ஆட்சியையும் ஒப்பந்தத்தையும். அவரிடம் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவரைத் தொடர்ந்து அந்தத் தாள்களைப் புரட்ட நம்மில் ஆள் வரவில்லை என்பதுதான் குறை. 2002-இல் வில்லியம் டால்ரிம்பிளின் ‘வெள்ளை முகலாயர்கள்’ வந்தது. கிர்க்பாட்ரிக்கின் கடிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில், ரஸ்ஸலின் தாள்கள் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில், சின்னரியின் ஓவியம் ஹாங்காங்கில் ஒரு வங்கியின் வசம். நம்மிடம் எஞ்சியது கட்டடம்.

டால்ரிம்பிள் நூல் வந்தபின் நாம் என்ன செய்தோம்? விருந்துகளில் பேசினோம். அவர் அதைக் காதலாகப் பார்த்தது சரியா, பதினான்கு பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அதில் சுய விருப்பம் என்று எவ்வளவு இருந்திருக்கும், குடும்பத்தார் அவளை வைத்துக் கணக்குப் போட்டார்களா என்றெல்லாம் வாதிட்டோம். வாதிட வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் இரண்டு கட்சியும் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தோண்டி எடுத்த சான்றுகளை வைத்தே மோதிக்கொண்டன. ஒரு புதிய தாள், ஒரு மஹர் பத்திரம், ஒரு கல்வெட்டு, வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்த ஒரு பேச்சு, எதையும் நம் பங்காகக் கொண்டுவந்து வைக்கவில்லை.

கட்டடத்தையாவது காத்தோமா? நிஜாமின் பணத்தில், சென்னைப் பொறியாளர் படையின் சாமுவேல் ரஸ்ஸல் வரைபடத்தில், 1803 முதல் எழுந்த மாளிகை அது. பின்புறத் தோட்டத்தில் கைருன்னிசாவுக்காக ரங் மஹால் என்ற ஜனானா இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் ஒரு ரெசிடெண்ட் அதை இடித்துத் தள்ளினார். ஆண் வாழ்ந்த வீடு நிற்கிறது, பெண் வாழ்ந்த வீடு போய்விட்டது. அதற்கு வெள்ளைக்காரன்மேல் பழிபோடலாம். ஆனால் பர்தாவில் இருந்த பேகம் முகப்பைப் பார்க்க முடியாது என்பதால் மாளிகையின் சிற்றுருவைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தார் என்று நாமே சொல்லித் திரியும் அந்தச் சிற்றுரு, பல பத்தாண்டுகள் செடி மண்டிச் சிதைந்து கிடந்ததற்கு யார்மேல் பழி? 1949-இல் கல்லூரி அங்கே வந்தது. கூரை ஒழுக ஒழுக வகுப்பு நடந்தது. பெண்கள் படிக்க இடம் கிடைத்ததே பெரிது என்று இருந்த காலம் அது. அதில் நியாயமும் உண்டு. உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலுள்ள சின்னங்கள் பட்டியலில் சேர்த்த பிறகுதான் நமக்குக் கவலை வந்தது. பழுதுபார்ப்பு முடிந்து மாளிகை பளிச்சென்று நிற்க இருபது ஆண்டுக்கும் மேல் ஆனது. 2024-இல் அந்தக் கல்லூரியிலிருந்து உருவான பல்கலைக்கழகத்துக்கு வீரநாரி சாகலி ஐலம்மாவின் பெயர் வைத்தார்கள். தெலங்கானா ஆயுதப் போராட்டத்தின் அந்த வண்ணார் குலப் பெண் பெயர் அங்கே ஏறியதில் மகிழ்ச்சி. பெண்களின் வரலாற்றுக்கு ஓர் ஆய்விருக்கை அமைக்க அதைவிடப் பொருத்தமான முகவரி இந்த ஊரில் கிடையாது.

மஹ் லகா பாய் சந்தா கதையும் இதே வகை. 1824-இல் இறந்த உருதுக் கவி, நிஜாம் அவையின் பெரிய கலைஞர். தன் தாய் ராஜ் கன்வர் பாய்க்கு மௌலா அலி குன்றடியில் அவரே கல்லறை மண்டபம் எழுப்பினார். பின்பு தானும் அங்கேயே அடங்கினார். ஒரு மகள் தாய்க்குச் செய்த அந்த மரியாதை புதர் மூடிக் கிடந்தது. சுத்தம் செய்து நிமிர்த்தியது அமெரிக்க அரசின் பண்பாட்டுப் பாதுகாப்பு நிதி.

அமெரிக்கா என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்கள் நல்லவர்கள், நாம் மோசம் என்ற பாட்டு எனக்குப் பிடிக்காது. சாலி ஹெமிங்ஸ் 1773-இல், இன்னும் அது பிரிட்டிஷ் காலனியாக இருந்த வர்ஜீனியாவில், அடிமையாகப் பிறந்தவர். ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனின் பிள்ளைகளைப் பெற்றவர் என்று அவர் மகன் மேடிசன் 1873-இல் பத்திரிகையில் சொன்னபோது வரலாற்றாசிரியர்கள் நூறாண்டுக்கு மேல் அதைப் புறந்தள்ளினார்கள். ஹெமிங்ஸ் வம்சத்தார் மட்டும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். 1998-இல் மரபணுச் சோதனை அவர்கள் பக்கம் நின்றது. ஆனெட் கார்டன்-ரீட் அந்தக் குடும்பத்தையே எழுதி 2009-இல் புலிட்சர் பரிசு பெற்றார். இப்போது மாண்டிசெல்லோவில் சாலிக்கென்று ஓர் அறை காட்சிக்கு இருக்கிறது. அங்கே அரசும் அறிஞர்களும் மறைத்தார்கள், பிள்ளைகளின் வாய் மறைக்கவில்லை. நம் பக்கத்தில் முதலில் மூடியது வீட்டின் வாய். மானம் என்று சொல்லி மூடினோம்.

மூடுவதில் முஸ்லிம் பிரபு வீடென்றும் தமிழ் வீடென்றும் பேதம் இல்லை. 1806-இல் செகந்திராபாத் என்று பெயர்பெற்ற கண்டோன்மெண்டுக்கு வந்த கம்பெனிப் பட்டாளங்கள் பெரும்பாலும் சென்னை ராணுவத்தைச் சேர்ந்தவை. சிப்பாய்களோடு மனைவியர் வந்தார்கள், தாயார் வந்தார்கள், பால்காரிகள், ஆயாக்கள், சமைக்கிற பெண்கள் வந்தார்கள். இந்த ஊரில் தமிழ் ஒலித்த கதையின் முதல் அத்தியாயமே அவர்கள்தாம். பிறகு ரயில்வே வந்தது, லாலாகூடா குடியிருப்பு வந்தது, குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள் வந்தார்கள். முதலியார் குடும்பங்கள் செல்வாக்குப் பெற்றன. பத்மாராவ் முதலியார் பெயரில் ஒரு நகரே இருக்கிறது. அவர்களுக்குப் பாலும் பாட்டும் பிரசவமும் பார்த்த பெண்களில் ஒருவர் பெயரை நம் சங்கங்களின் ஆண்டு மலர்களில் தேடிப் பார்க்கலாம். தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் என்று படங்கள் இருக்கும். பெண்கள் கோலப்போட்டிப் பக்கத்தில் இருப்பார்கள்.

கைருன்னிசாவைப் பற்றிக் கிளைவ் விசாரித்தார். நம் ஆயா அம்மாக்களைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. துர்பா கோஷ் என்ற வரலாற்றாசிரியர் கம்பெனிக்காரர்களோடு வாழ்ந்த இந்தியப் பெண்களைத் தேடி 2006-இல் ஒரு நூல் எழுதினார். உயில்களிலும் தேவாலயப் பதிவேடுகளிலும் அந்தப் பெண்கள் பலர் பெயரே இல்லாமல், அல்லது ஞானஸ்நானப் பெயர் மட்டும் வைத்துக்கொண்டு நிற்பதை அவர் காட்டியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் கிர்க்பாட்ரிக்கின் உயில் கைருன்னிசாவைப் பெயர் சொல்லி, மரியாதையோடு குறிப்பிடுவது அபூர்வம்.

சரி, வெள்ளைக்காரன் எழுதாமல் விட்டான். நாம்? அமாவாசைத் தர்ப்பணம் செய்யும் வீடுகளில் மூன்று தலைமுறைப் பெண்களின் பெயர் சொல்லி எள்ளும் நீரும் விட வேண்டும். அம்மா, அப்பாவின் அம்மா, அப்பாவுடைய அப்பாவின் அம்மா. அடுத்து அம்மா வழிக்குப் போனால் அம்மாவின் அம்மா வருவார். அதற்கு மேலே அவருடைய மாமியார், மாமியாரின் மாமியார். அம்மாவின் அம்மாவைப் பெற்றவளுக்கு அந்தச் சடங்கில் இடமே கிடையாது. தர்ப்பணம் செய்யாத வீடுகள் பெருமைப்பட வேண்டியதில்லை. குலதெய்வக் கோயில் பங்காளிகள் கணக்கிலும் பத்திரங்களிலும் அதே கதைதான். இன்னாரின் மகன் இன்னார் என்றே ஓடும். 1951–52 முதல் பொதுத்தேர்தலின்போது இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்திருந்த சுமார் 28 லட்சம் பெண்களின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. அது பெரும்பாலும் வடமாநிலங்களில் நடந்தது என்று நாம் ஆறுதல் கொள்கிறோம்.

கிட்டி, அவர் தாய் கைருன்னிசா, அவர் தாய் ஷரஃபுன்னிசா, அவர் தாய் துர்தானா பேகம். நான்கு தலைமுறைப் பெண்கள், தாய்வழி அறுபடாமல், பெயரோடு. மாரேட்பள்ளியில் எத்தனை வீட்டில் இதைச் சொல்ல முடியும்? வேண்டியவர்களிடம் கேட்டுப் பார்த்தாயிற்று. பெரும்பாலும் மூன்றாவதிலேயே நின்றுவிடும். ‘கும்பகோணம் பாட்டி’, ‘வேலூர் ஆயா’ என்று ஊர் பெயர் வரும், ஆள் பெயர் வராது. என்ன நோயில் போனாள், எத்தனை பிள்ளை பெற்றாள், எத்தனை தங்கியது, ஹைதராபாதுக்கு வரச் சம்மதித்து வந்தாளா அழுதுகொண்டு வந்தாளா என்பதெல்லாம் எங்கோ ஒரு கல்யாண வீட்டுத் திண்ணையில் பேசிக் கரைந்துவிட்டது.

தேட இடம் இல்லாமல் இல்லை. கைருன்னிசா இறந்த 1813-ஆம் ஆண்டோடு சேர்த்துச் சொல்லப்படும் செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் மாரேட்பள்ளிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பொலாரத்தில் ஹோலி டிரினிட்டி இருக்கிறது. தார்நாகாவில் மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி பாரசீகமும் உருதுவும். 1880-களில் நிஜாம் அரசு பாரசீகத்தை விட்டு உருதுவுக்கு மாறியது. நாம் இரண்டையும் விட்டோம். அந்தத் தாள்களை மின்வடிவாக்க டெல்லியிலிருந்து இரானிய நுண்படல மையம் ஒன்று கைகொடுத்திருக்கிறது. அங்கேயும் வெளியார் கைதான்.

பாரசீகத்துக்கு நேர்ந்தது இப்போது தமிழுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறது, நம் வீட்டுக்குள்ளேயே. 80 தாண்டிய பெண்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். நிஜாம் ஆட்சியின் முடிவில் வந்த ரஜாக்கர் காலத்து இரவுகளை நினைவு வைத்திருப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். தங்கள் அம்மாக்களின் அம்மாக்களைப் பற்றிக் கேள்விப்பட்டதைத் தமிழில்தான் அவர்களால் சொல்ல முடியும். பேரப்பிள்ளைகள் தெலுங்கும் ஹிந்தியும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுவார்கள். பாட்டி பேசும் தமிழ் காதுக்குப் புரியும், கைக்கு எழுதத் தெரியாது. பாட்டி பழைய ஐந்தொகை நோட்டில் குறித்துவைத்த பிள்ளைப்பேறு தேதிகளைப் படிக்கச் சொன்னால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நாம் தமிழ்ச் சங்கம் வைத்திருக்கிறோம், பொங்கலுக்குப் பட்டிமன்றம் நடத்துகிறோம், சென்னையிலிருந்து பேச்சாளரை விமானத்தில் வரவழைக்கிறோம். ஒரு பாட்டிக்கு எதிரே ஒரு மதியம் உட்கார்ந்து பெயர்களை எழுதிக்கொள்ள ஒரு குழு நம் சங்கங்களில் இல்லை. அதற்குச் செலவும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், தமிழ் எழுதத் தெரிந்த ஒருவரும் போதும். ஷரஃபுன்னிசாவின் பேத்திக்கு ஒரு டங்கன் மால்கம் கிடைத்தார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது கம்பெனி.